வாயடைத்த தம்பியும் அடுத்த சொல் சொல்லும் இயந்திரமும்



இந்த இதழில் இதுவரை நாம் எழுதியதெல்லாம் வத்தல் வரவு, பருப்பு விலை, எடைக்கல் முத்திரை, வரிக் கணக்கு ஆகியவை பற்றித்தான். இம்முறை மூளையைப் பற்றியும் நரம்பு நோய்களைப் பற்றியும், செயற்கை நுண்ணறிவு என்று இன்று எங்கும் பேசப்படும் கணினியைப் பற்றியும் எழுதத் துணிந்திருக்கிறோம். நாம் மருத்துவர் அல்ல. பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவர்கள். ஆனாலும் எங்கள் கடையில் நடந்த ஒரு சம்பவமும், அதற்குப் பிறகு நாங்கள் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்ட விவரங்களும் நம் உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறோம். ஒரு கடைக்காரருக்காவது இது உதவினால் எழுதிய பலன் கிடைத்ததாகும்.

ஒரு மாசி மாதக் காலை

2024-ஆம் ஆண்டு மாசி மாதம். கமுதி, முதுகுளத்தூர் பக்கமிருந்து புது வத்தல் வரத் தொடங்கியிருந்த சமயம். காலை ஆறரை மணிக்கே கடை திறந்துவிட்டோம். எங்கள் தம்பிக்கு அப்போது வயது 58. வெளியூர்க் கடைக்காரர்களுக்கு விலை சொல்வது, லாரிக்காரரிடம் பேசுவது, மூட்டை எண்ணி இறக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. கணக்கும் வசூலும் நம் பொறுப்பு. முப்பத்தைந்து ஆண்டுகளாக இப்படித்தான் தொழில் நடக்கிறது. கடைக்கு வாய் அவர், கை நாம் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

அன்று எடைமேடைச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்து, டிரைவரைக் கேலி செய்தபடியே நம் மேசையில் வைத்தார். பிறகு மூட்டை எண்ணப் போனார். ஏழேகால் மணி இருக்கும். லோடுமேன் ஓடி வந்து, "அண்ணாச்சி, சின்ன அண்ணாச்சி என்னமோ மாதிரி பேசுறாங்க" என்றார். போய்ப் பார்த்தால் தம்பி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். "எத்தனை மூட்டை?" என்று கேட்டால் பதில் வரவில்லை. வாய் திறக்கிறது, சொல் வரவில்லை. "அது... அது..." என்கிறார். சிட்டையை நீட்டினால் பேனா கையிலிருந்து நழுவி விழுகிறது.

தம்பி மகனும் அப்போது கடையில் இருந்தான். கல்லூரியில் படித்தவன், கெட்டிக்காரன். எதற்கும் செல்போனில் கேட்டுப் பார்க்கும் பழக்கம் உள்ளவன். அதில் கேள்வி கேட்டால் மனிதரைப் போலவே பதில் சொல்லும் செயலி ஒன்று இருந்தது. "அப்பாவுக்குக் கை மரத்துப் போகிறது, பேச முடியவில்லை, இரவு சரியாகத் தூங்கவில்லை, காலையில் சாப்பிடவில்லை" என்று தட்டினான். உடனே வரிசையாகப் பதில் வந்தது. சர்க்கரை குறைந்திருக்கலாம், தூக்கமின்மையாக இருக்கலாம், நரம்பு அழுந்தியிருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம், மருத்துவரைப் பார்க்கவும் என்று இருந்தது. பக்கவாதம் நான்காவதாக இருந்தது. முதலாவதாக இருந்ததை நாங்கள் பிடித்துக்கொண்டோம். சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்து, உள் அறையில் படுக்க வைத்தோம். மேலும் இரண்டு கேள்வி கேட்டோம். ஒவ்வொரு பதிலும் தெளிவாக, பொறுமையாக வந்தது. எங்களுக்கும் மனம் சமாதானமாயிற்று.

எட்டே முக்கால் மணிக்கு எதிர்க்கடை அண்ணாச்சி ஒரு விலை விசாரிக்க வந்தார். தம்பி முகத்தைப் பார்த்தவர், "வாய் ஒரு பக்கமா இழுத்திருக்கே, பார்க்கலையா? எங்க அப்பாவுக்கு இப்படித்தான் வந்தது. உடனே கிளப்புங்க" என்று சத்தம் போட்டு, அவரே 108-க்குப் போன் செய்தார். ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதே முக்கால்.

எடைமேடைச் சீட்டு

அங்கே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்பதுதான். காலையில் என்று சொன்னோம். "காலை என்றால் எத்தனை மணி?" என்றார். ஆளுக்கொரு நேரம் சொன்னோம். அப்போது சட்டைப் பையில் இருந்த எடைமேடைச் சீட்டு நினைவுக்கு வந்தது. அதில் 6.52 என்று அச்சாகியிருந்தது. அதற்கு இரண்டு நிமிடம் கழித்துத்தான் டிரைவரைக் கேலி செய்து சிரித்தார். மருத்துவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இன்னும் நேரம் இருக்கிறது" என்றார். ஸ்கேன் எடுத்தார்கள். இரத்தக் கசிவு இல்லை, அடைப்புத்தான் என்று உறுதி செய்துகொண்டு, பத்தரை மணிக்குள் உறைகட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள்.

அந்த ஊசிக்கு ஏன் இவ்வளவு நேரக் கணக்கு என்பதைப் பிறகு தெரிந்துகொண்டோம். அமெரிக்காவில் 1995-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வில், பக்கவாதம் தொடங்கி 3 மணி நேரத்திற்குள் இம்மருந்தைக் கொடுத்தால் ஊனம் குறைகிறது என்று கண்டார்கள். 1996-இல் அங்கே அனுமதி கிடைத்தது. 2008-இல் ஐரோப்பாவில் நடந்த ஆய்வு அந்த எல்லையை நாலரை மணி நேரமாக நீட்டியது. பெரிய குழாயில் அடைப்பு இருந்தால் மெல்லிய குழல் வழியாகக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சையும் இப்போது உண்டு. ஸ்கேனில் மூளை இன்னும் பிழைக்கும் நிலையில் உள்ளவர்களுக்கு 24 மணி நேரம் வரை அது பயன்படலாம் என்று 2018-இல் வந்த ஆய்வுகள் காட்டின. எதுவானாலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

நாம் கணக்குப் பார்க்கிறவர்கள். ஆகவே இந்தக் கணக்கையும் பார்த்துவிடுவோம். பெரிய இரத்தக்குழாய் அடைபட்டால் சிகிச்சை இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006-இல் ஓர் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் கணக்கிட்டு எழுதியிருக்கிறார். ஏழேகால் மணியிலிருந்து எட்டே முக்கால் மணி வரை நாங்கள் போனோடு பேசிக்கொண்டிருந்தது 90 நிமிடம். 19 லட்சத்தை 90-ஆல் பெருக்கினால் 17 கோடியே 10 லட்சம். எந்தப் பேரேட்டிலும் திரும்ப வரவு வைக்க முடியாத பற்று இது.

தம்பியின் கை, கால் பெரும்பாலும் தேறிவிட்டன. பேச்சுதான் முழுதாகத் திரும்பவில்லை.

குற்றம் இயந்திரத்தின் மேலா?

பல நாள் இதையே யோசித்தோம். அந்தச் செயலி பக்கவாதம் என்ற சொல்லையும் சொல்லத்தான் செய்தது. வாய் கோணியதை நாங்கள் சொல்லவில்லை. சொல்லாததை அது எப்படி அறியும்? ஆனால் நேரில் பார்க்கும் எவரும், எழுதப் படிக்கத் தெரியாதவரும்கூட, முகத்தைப் பார்ப்பார். எதிர்க்கடை அண்ணாச்சி செய்தது அதைத்தான். ஆகவே இந்த இயந்திரம் என்ன, அது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதைத் திட்டுவதும் தவறு, நம்புவதும் தவறு என்று முடிவு செய்தோம்.

இதற்கு மொழி மாதிரி என்று பெயர் சொல்கிறார்கள். நமக்கு மாதிரி என்றால் சாக்கைக் குத்தி எடுத்துக் காட்டும் ஒரு கைப்பிடி சரக்கு. இது அப்படியல்ல. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்ற வழக்கத்தைக் கற்றுக்கொண்ட கணினி ஏற்பாடு இது. நம் கடையில் இருபது வருடம் வேலை பார்த்த கணக்கப்பிள்ளையை நினைத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் "மல்லி ஐந்து கிலோ, சீரகம் ஒரு கிலோ" என்று தொடங்கினாலே, அடுத்து "மிளகு" என்று அவர் எழுதத் தயாராகிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் அது அனுமானமே தவிர, வாடிக்கையாளர் வாயிலிருந்து வந்தது அல்ல. இந்த இயந்திரமும் அடுத்த சொல்லை அனுமானித்து அனுமானித்தே முழுப் பதிலையும் கட்டுகிறது. இதற்கு அடிப்படையான முறையை 2017-இல் கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எழுதி வெளியிட்டார்கள். 2022 நவம்பர் 30-ஆம் தேதி சாட்ஜிபிடி வெளியானபின் அது வீடு வீடாக நுழைந்துவிட்டது.

தேர்வில் முதல் மாணவன்

இந்த இயந்திரத்துக்கு நரம்பியல் தெரியுமா என்று ஜெர்மனியில் ஹைடெல்பெர்க் மருத்துவ ஆய்வாளர்கள் சோதித்தார்கள். நரம்பியல் நிபுணர்கள் எழுதும் தேர்வின் பாணியில் அமைந்த 1956 கேள்விகளைக் கொடுத்தார்கள். 2023 டிசம்பரில் முடிவு வெளியாயிற்று. அதே கேள்விகளுக்கு மனிதர்கள் எடுத்த சராசரி 73.8 சதவீதம். அப்போது புதிதாக வந்திருந்த ஜிபிடி-4 எடுத்தது 85 சதவீதம். அதற்கு முந்தைய மாதிரி 66.8 சதவீதம்தான் எடுத்தது.

இதைப் படித்ததும் நமக்கு வியப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதே ஆய்வில் சொல்லப்பட்ட இன்னொரு விஷயம்தான் வணிகர் கவனிக்க வேண்டியது. பதில் சரியாக இருந்தபோதும், தவறாக இருந்தபோதும், இயந்திரம் ஒரே உறுதியோடுதான் பேசியது. பொய்யான சரக்கு விற்பவர் முகத்தில் ஒரு தடுமாற்றம் தெரியும்; நாம் கண்டுபிடித்துவிடுவோம். இதன் பேச்சில் அந்தத் தடுமாற்றம் இல்லை. எங்கள் கடைக்கு வந்த பதிலும் அப்படித்தான் தெளிவாக, இனிமையாக இருந்தது. அதுவே எங்களை உட்கார வைத்தது.

தேர்வுக் கேள்வியில் நோயாளியின் விவரம் முழுவதும் அச்சிட்டுக் கொடுக்கப்பட்டிருக்கும். வாய் கோணியிருக்கிறது என்று கேள்வியிலேயே இருக்கும். கடைத் திண்ணையில் யார் அச்சிட்டுக் கொடுப்பது? மருத்துவரின் திறமையில் பாதி, எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று அறிவதில்தான் இருக்கிறது. எங்களிடம் எடைமேடைச் சீட்டைப் பிடுங்கியது அந்தக் கேள்விதானே.

நல்லது செய்த இடமும் உண்டு

ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது வியாபார நாணயம் ஆகாது. அமெரிக்காவில் ஒரு சிறுவனுக்கு நீண்ட நாள் வலி. வளர்ச்சியிலும் நடையிலும் குறை. மூன்று ஆண்டுகளில் 17 மருத்துவர்களைப் பார்த்தும் காரணம் தெரியவில்லை. 2023-இல் இச்செய்தி வெளிவந்தது. அவனுடைய தாயார் ஸ்கேன் அறிக்கையில் இருந்த ஒவ்வொரு வரியையும், பையன் சம்மணமிட்டு உட்கார முடியவில்லை என்பது போன்ற தாம் கண்ட விவரங்களையும் சாட்ஜிபிடியில் இட்டார். தண்டுவடம் கீழ்ப்பகுதியில் ஒட்டிக்கொண்டு இழுபடும் ஒரு கோளாறாக இருக்கலாம் என்று அது சொன்னது. அதோடு அவர் நிற்கவில்லை. ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரிடம் கொண்டுபோனார். அவர் ஸ்கேனைப் பார்த்து அதுவே என்று உறுதி செய்து, அறுவை சிகிச்சை நடந்தது.

எங்கள் கதைக்கும் இந்தத் தாயார் கதைக்கும் என்ன வித்தியாசம்? மூன்று. அவரிடம் அவகாசம் இருந்தது. முழு விவரம் இருந்தது. இயந்திரம் சொன்னதை மருத்துவரின் தராசில் நிறுத்துப் பார்த்தார். எங்களிடம் இந்த மூன்றும் இல்லை.

சரக்கு இருக்கிறது, ஷட்டர் திறக்கவில்லை

பேச்சு எங்கே போயிற்று என்று தம்பியைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும். அதற்கான விடையைத் தேடியவர்களில் முதன்மையானவர் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா. 1861-இல் பாரிஸ் அருகேயுள்ள பிசேத்ர் மருத்துவமனையில் ஒரு நோயாளி இருந்தார். பிறர் பேசுவது புரியும். அவர் வாயில் 'டான்' என்ற ஓரொலி மட்டும்தான் வரும். அவர் இறந்தபின் மூளையைப் பார்த்தபோது, இடப்பக்கத்தின் முன்பகுதியில் சேதம் இருந்தது. பேச்சு அங்கே உருவாகிறது என்று புரோக்கா அறிவித்தார். 1874-இல் ஜெர்மானியரான வெர்னிக்கே, பேச்சைப் புரிந்துகொள்ளும் பகுதி அதற்குப் பின்னால் இருக்கிறது என்று காட்டினார். தம்பிக்கும் இடப்பக்கத்தில்தான் அடைப்பு. அதனால்தான் வலக்கையும் பேச்சும் சேர்ந்து பாதிக்கப்பட்டன.

மருத்துவர் எங்களுக்கு ஒன்று விளக்கினார். பேச முடியாமை இரண்டு வகை. ஒன்று, மூளையில் சொல் இருக்கிறது, நாக்கையும் தொண்டையையும் அசைக்க முடியவில்லை. அது சரக்கு நிறைந்த கடையில் ஷட்டர் திறக்காததைப் போல. மற்றொன்று, சொல்லை அடுக்கி வைத்த அலமாரியே சரிந்துபோவது. தம்பிக்கு வந்தது இரண்டாவது.

முதல் வகையினருக்கு இந்த மொழி மாதிரி பெரிய துணையாக வந்திருக்கிறது. கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில், தசைகளை முடக்கும் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோயால் பேச்சு குழறிப்போன 45 வயதுக்காரர் ஒருவருக்கு 2023 ஜூலையில் மூளையில் 256 மின்முனைகள் பதிக்கப்பட்டன. அவர் பேச முயலும்போது மூளையில் எழும் மின் அசைவுகளைக் கணினி எழுத்தொலிகளாகப் பிரிக்கிறது. எழுத்தொலிகளில் குழப்பம் இருக்கும். அப்போது மொழி மாதிரி வந்து, இந்த ஒலிகளுக்கு எந்தச் சொல் பொருந்தும், இந்தச் சொல்லுக்கு அடுத்து எது வரும் என்று பார்த்து வாக்கியத்தைச் சீராக்குகிறது. பிறகு, அவர் நோய்ப்படுவதற்கு முன் பேசிய குரலைப் போன்ற குரலிலேயே கணினி அதை உரக்கச் சொல்கிறது. முதல் நாள் 50 சொற்கள்தான். பின்னர் 1,25,000 சொற்கள் கொண்ட தொகுதியில் நூற்றுக்கு 97.5 சொற்கள் சரியாக வந்தன. 2024 ஆகஸ்டில் இது ஒரு பெரிய மருத்துவ இதழில் வெளியாயிற்று.

இதைப் படித்ததும் தம்பிக்கும் இப்படி ஒன்று வைக்கலாமா என்று மருத்துவரிடம் ஓடினோம். அவர் மெதுவாகச் சொன்னார். "ஷட்டர் திறக்காத கடைக்கு அது வேறு ஒரு கதவு. உங்கள் தம்பிக்கு அலமாரியை அடுக்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பயிற்சிதான் வழி" என்றார். வருத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் வீண் ஆசையில் ஊர் ஊராக அலையாமல் அன்றே தப்பினோம்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், மேலே சொன்ன இயந்திரமும் அனுமானம்தான் செய்கிறது. ஆனால் அங்கே ஒரு காவல் இருக்கிறது. கணினி எழுதிய வாக்கியம் அவர் கண் முன்னே திரையில் வருகிறது. சரியா தவறா என்று அவரால் காட்ட முடியும். அனுமானத்தைச் சரிபார்க்க, சொந்தக்காரரே எதிரில் இருக்கிறார். அதனால்தான் அது பயன்படுகிறது.

பிஸ்கட் ஜாடியும் மறதி நோயும்

நரம்பியலில் இன்னொரு முயற்சியையும் சொல்ல வேண்டும். மறதி நோயை முன்கூட்டியே கண்டறிய, மருத்துவர்கள் ஒரு படத்தைக் காட்டிப் பேசச் சொல்வதுண்டு. 1972 முதல் புழக்கத்தில் உள்ள அமெரிக்கப் படம் அது. ஒரு பையன் முக்காலி மேல் ஏறி அலமாரியில் உள்ள பிஸ்கட் ஜாடிக்குள் கைவிடுகிறான். முக்காலி சாய்கிறது. தாயார் பாத்திரம் துடைத்துக்கொண்டிருக்கிறார், தண்ணீர் தொட்டியிலிருந்து வழிகிறது. நம் கடை வாசலிலும் ஜாடிக்குக் கை நீட்டும் பிள்ளைகளை நாம் தினம் பார்க்கிறோம். இந்தப் படத்தை ஒருவர் எப்படி விவரிக்கிறார், எங்கே தயங்குகிறார், ஜாடி என்று சொல்லாமல் "அது" என்கிறாரா என்பதிலிருந்து மூளையின் நிலை ஓரளவு தெரியும்.

பிலடெல்பியாவில் டிரெக்சல் பல்கலைக்கழகத்தார் 2022 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், இப்படிப் பேசியவர்களின் பேச்சை ஜிபிடி-3 என்ற மொழி மாதிரியைக் கொண்டு அலசி, அல்சைமர் நோய் உள்ளவர், இல்லாதவர் என்று ஏறத்தாழ 80 சதவீதம் சரியாகப் பிரித்தார்கள். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் வணிகர் கணக்கில் பார்த்தால், ஐந்து மூட்டையில் ஒரு மூட்டை தவறு. அதுவும் ஆங்கிலம் பேசுபவர்களின் பேச்சு. நம் வீட்டுப் பெரியவர் மல்லியை மறந்து சீரகம் என்றார் என்பதற்காக, போனைக் கேட்டு நோய் முத்திரை குத்திவிடக் கூடாது. சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதற்கு அது ஒரு காரணமாகலாம், அவ்வளவே.

எங்கள் கடையில் இப்போது

தம்பி மகன் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சில மாதம் தன் தகப்பனார் எதிரில் போனைக் கையிலேயே எடுக்கவில்லை. "பெரியப்பா, நான்தானே கேட்டேன்" என்று ஒரு நாள் அழுதுவிட்டான். "கேட்டவன் நீ, கேட்டதை நம்பி உட்கார்ந்தவன் நான். வயதில் மூத்தவன் நான்" என்று சொன்னோம்.

பிறகு மருத்துவரே அவனுக்கு ஒரு வேலை கொடுத்தார். "போனில் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் என்னிடம் வரும்போது கேள்வியை எழுதிக்கொண்டு வாருங்கள், பதிலை எழுதிக்கொண்டு வராதீர்கள்" என்றார். அதன்படி மருத்துவமனை கொடுத்த ஆங்கில அறிக்கையை, பெயர், முகவரி, எண் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் செயலியில் இட்டு எளிய தமிழில் புரிந்துகொள்கிறான். அதிலிருந்து நாலு கேள்வி எழுதுகிறான். மருத்துவர் அதைப் பார்த்து இரண்டு இடத்தில் செயலி தவறாகச் சொன்னதையும் திருத்தியிருக்கிறார்.

பேச்சுப் பயிற்சியாளர் சொன்ன முறைப்படி, கடைச் சரக்குகளை வைத்தே சொற்பட்டியலும் சிறு வாக்கியங்களும் அந்தச் செயலியைக் கொண்டு தயாரித்தான். பயிற்சியாளர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் பயன்படுத்துகிறான். தினம் மாலை கடை அடங்கிய நேரத்தில் தகப்பனாரும் மகனும் எதிரெதிரே உட்காருவார்கள். ஒரு தட்டில் வெந்தயம், கடுகு, சீரகம், மல்லி. தம்பிக்கு ஒன்று முதல் இருபது வரை வரிசையாக எண்ண வருகிறது. பழைய பாட்டுகூட வரிகள் தவறாமல் வருகிறது. தனியாக ஒரு சரக்கைக் காட்டிப் பெயர் கேட்டால்தான் திண்டாட்டம். ஏழு மாதத்திற்குப் பிறகு ஒரு நாள் மல்லியைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "மல்லி" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "ஈரம்" என்றார். நாங்களும் எடுத்துப் பார்த்தோம். உண்மையாகவே சரக்கில் ஈரம் இருந்தது.

உறுப்பினர்களுக்கு வேண்டுகோள்

கல்லாவில் காலை முதல் இரவு வரை உட்கார்ந்தே இருப்பது, வேளைக்குச் சாப்பிடாமை, இரத்த அழுத்தத்தைப் பார்க்காமை ஆகியவை நம் தொழிலில் சாதாரணம். பக்கவாதத்துக்கு முதற்காரணம் உயர் இரத்த அழுத்தம். நம் தம்பிக்கும் இருந்திருக்கிறது, பார்த்தது இல்லை. நாற்பது வயது கடந்த ஒவ்வொருவரும் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்து கொடுத்தால் நடுவில் நிறுத்தக் கூடாது.

அடுத்து, கல்லாப்பெட்டி அருகே ஓர் அட்டையில் நான்கு சொற்களை எழுதி ஒட்டுங்கள்.

முகம்: சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணுகிறதா?

கை: இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று தாழ்கிறதா?

பேச்சு: குழறுகிறதா, சொல் வரவில்லையா?

நேரம்: மூன்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108.

திடீரென்று பார்வை மங்குவது, நிலைதடுமாறி விழுவது, இதுவரை கண்டிராத தலைவலி ஆகியவையும் அபாய அறிகுறிகளே. அந்த நேரத்தில் சர்க்கரைத் தண்ணீர், காப்பி, மாத்திரை எதுவும் வாயில் ஊற்றவோ போடவோ கூடாது. விழுங்கும் சக்தி குறைந்திருந்தால் மூச்சுக்குழாயில் போய்விடும். நாங்கள் செய்தது எவ்வளவு பெரிய தவறு என்று மருத்துவர் கண்டித்தார். அடைப்பா, கசிவா என்பது ஸ்கேன் எடுக்காமல் தெரியாது என்பதால் ஆஸ்பிரின் போன்ற மாத்திரையும் வேண்டாம். உங்கள் ஊருக்கு அருகில் இரவு பகலாக ஸ்கேன் எடுக்கும் மருத்துவமனை எது என்பதை இன்றே விசாரித்து அதே அட்டையில் எழுதுங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பில்லிலும் எடைச் சீட்டிலும் நேரம் அச்சாகிறது. நம் தொழில் நமக்குத் தந்த சாட்சி அது.

இயந்திரத்தை வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. அவகாசம் இருக்கும்போது, முழு விவரத்தோடு, மருத்துவருக்குக் காட்டுவதற்காக அதனிடம் கேட்கலாம். நிமிடக் கணக்கில் நேரம் போகும்போது கேட்கக் கூடாது. அப்போது போனில் தட்ட வேண்டியது மூன்று எண்கள்தான்.

எங்கள் கடையில் அந்த அட்டை தராசுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் 6.52 என்று அச்சான அந்தச் சீட்டையும் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறோம். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அட்டைகளை அச்சிட்டு எல்லாக் கடைகளுக்கும் கொடுப்பது பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவரலாம் என்று இருக்கிறோம். அச்சுச் செலவை எங்கள் கடையே ஏற்றுக்கொள்ளும். உறுப்பினர்கள் தவறாமல் வந்து ஆதரவு தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.